தொலைபேசி, டிவி, இணையம் மூன்றையும் ஒரே இழையில் சேர்த்துவிடலாமா?

பாமணிக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையில் உள்ள எங்கள் கிராமத்து வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். நான் திருச்சியில் வேலை பார்க்கிறேன். மாதத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போய்வருவேன்.

அந்த வீட்டில் இப்போது மூன்றுக்கும் தனித்தனியாகப் பணம் போகிறது. முதலாவது, 1994-இல் அப்பா பதிவு செய்து, காத்திருந்து வாங்கிய செப்புக் கம்பித் தொலைபேசி; அதற்கு வரியோடு மாதம் 280 ரூபாய் ஆகிறது. இரண்டாவது கேபிள் டிவி, 240 ரூபாய். இணையத்துக்கென்று தனி இணைப்பு கிடையாது. ஒரு கைப்பேசிக்கு 349 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்து, அதன் ஹாட்ஸ்பாட்டை வைத்துத்தான் அப்பா செய்தி படிக்கிறார், அம்மா வெளிநாட்டில் இருக்கும் என் தங்கையிடம் வீடியோவில் பேசுகிறார். ஆக மொத்தம் 869 ரூபாய்.

சென்ற வாரம் எங்கள் தெருவரைக்கும் கண்ணாடி இழைக் கேபிள் வந்துவிட்டது. 100 எம்பிபிஎஸ் இணையம், டிவி, தொலைபேசி மூன்றும் சேர்த்து 799 ரூபாய், 18 சதவீத வரி தனி என்று ஒருவர் நோட்டீஸ் கொடுத்துச் சென்றிருக்கிறார். வரியோடு 942 ரூபாய் 82 காசு வருகிறது. இப்போது செலவழிப்பதைவிட 74 ரூபாய் அதிகம் என்றாலும், ஹாட்ஸ்பாட்டோடு ஒப்பிடவே முடியாத வேகம் கிடைக்கும் என்பதால் விலை எனக்குத் தடையாகத் தெரியவில்லை. ஆறு மாதத் தொகையை முன்பணமாகக் கட்டினால் பொருத்தும் கூலியும் கருவியும் இலவசம் என்கிறார்கள்.

அப்பாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "மூணையும் ஒரே கம்பியில கட்டிட்டா, வைக்கோல் லாரி ஒண்ணு இழுத்துட்டுப் போனா மூணும்தானே போகும்?" என்று கேட்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. குறுவை அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றும் நாட்களில் கேபிள் அறுந்து தொங்குவது எங்கள் தெருவுக்குப் புதிதல்ல. அந்தத் தொலைபேசி எண்தான் சொந்தக்காரர்கள், உரக்கடை, மன்னார்குடி மருத்துவமனை என்று எல்லாரிடமும் இருக்கிறது. அப்பாவுக்குக் காது சற்று மந்தம் என்பதால் கைப்பேசியைவிடத் தரைவழித் தொலைபேசியில்தான் தெளிவாகக் கேட்கிறது. அம்மாவின் கவலை வேறு. முழங்கால் வலியால் அவரால் கோயிலுக்குப் போய்க் கூட்டத்தில் நிற்க முடிவதில்லை. மன்னார்குடி ராஜகோபாலசுவாமி கோயில் பங்குனித் திருவிழாவின் வெண்ணெய்த்தாழி உற்சவத்தை உள்ளூர்க் கேபிள் சேனலில்தான் பார்க்கிறார். புதிய இணைப்பில் அந்தச் சேனல் வருமா என்று நோட்டீஸ் கொடுத்தவரிடம் கேட்டதற்கு, "ஐந்நூறு சேனல் வரும் அம்மா" என்று பதில் சொல்லியிருக்கிறார்.

மின்சாரம் போனால் தொலைபேசி வேலை செய்யுமா, பழைய எண்ணை வைத்துக்கொள்ள முடியுமா, இந்த "டிவி" என்பது உண்மையில் என்ன என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


குடமுருட்டி எழுதியது:

தம்பிக்கு வணக்கம். பாபநாசம் பக்கத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேபிள் நடத்துகிறேன். சில ஆண்டுகளாக இழை இணைப்பும் கொடுக்கிறேன். என் பேச்சில் வியாபாரியின் சார்பு கொஞ்சம் இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஏமாற்றம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. நோட்டீஸில் "டிவி" என்ற ஒரே சொல்லை அச்சடித்துவிட்டு, அதன் பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று பொருள்களை விற்கிறார்கள்.

முதலாவது, பழைய கேபிள் டிவியே இழையின் வழியாக வருவது. இழைக்குள் போகும் ஒளி ஒரே ஒளி அல்ல. வீட்டுக்கு வரும் இணையத்துக்கு 1490 நானோமீட்டர், வீட்டிலிருந்து போவதற்கு 1310, கேபிள் டிவிக்கு 1550 என்று தனித்தனி அலைநீளங்கள் இருக்கின்றன. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப் போல ஒன்று நின்றால்தான் மற்றொன்று போகும் என்பதில்லை. மூன்றும் ஒரே நேரத்தில், ஒன்றோடொன்று கலக்காமல் போகும். இந்த வகையில், இழையில் வரும் ஒளியை மின்குறிப்பாக மாற்றித் தர வீட்டில் வைக்கும் ஓஎன்டி என்ற பெட்டியில், டிவி கேபிளைத் திருகி மாட்டுவதற்கு ஒரு வட்டமான வாய் இருக்கும். செட்டாப் பாக்ஸ் வழக்கம்போல அதில் மாட்டப்படும். இணைய அளவில் ஒரு சொட்டும் குறையாது, உள்ளூர்ச் சேனலும் இப்போது வருவதைப் போலவே வரும்.

இரண்டாவது ஐபிடிவி. இதில் சேனல் இணையத்தைப் போலவே பொட்டலம் பொட்டலமாக வரும், ஆனால் வெளி இணையத்தைத் தொடாமல் அந்த நிறுவனத்தின் சொந்த வலைக்குள்ளேயே ஓடும். ஒரே தொடரைப் பத்து வீட்டில் பார்த்தாலும், மேலிருந்து ஒரு பிரதிதான் வந்து தெருவில் பிரியும். அதனால்தான் பொதுவாக இதை உங்கள் மாத இணையக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிஎஸ்என்எல் 2024-இல் மத்தியப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும் தொடங்கிய இழைவழி டிவி சேவை இந்த மாதிரி சொந்த வலையில் ஓடுவதுதான். ஒரு எச்டி சேனலுக்கு ஆறு முதல் எட்டு மெகாபிட் போதும், ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் இரண்டு டிவி ஓடினாலும் யாருக்கும் தெரியாது.

மூன்றாவது வகை வெறும் செயலி. ஒரு பெட்டியையோ ஸ்மார்ட் டிவியையோ இணையத்தில் இணைத்து, அதற்குள் பல செயலிகளைத் திறந்து பார்ப்பது. ஐந்நூறு சேனல் என்று வாய் கூசாமல் சொல்லப்படுவது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். படம் நன்றாகவே இருக்கும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நேரலை அரை நிமிடம்வரை தாமதமாக வரும். கிரிக்கெட் பார்க்கும்போது எதிர்வீட்டில் கத்தி முடித்த பிறகுதான் உங்கள் வீட்டில் விக்கெட் விழும். ஒரு மணி நேரம் எச்டியில் பார்த்தால் இரண்டு முதல் மூன்று ஜிபி செலவாகும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால் மாதம் 450 ஜிபி ஆகிறது. "அன்லிமிடெட்" என்று சொல்லப்படும் பல திட்டங்களின் உள்வரம்பு 3,300 ஜிபி என்பதால் அதில் சிக்கல் வராது. சிக்கல் ரிமோட்டில்தான் வரும். உங்கள் அம்மா சேனல்களை எண்ணால் அறிந்து வைத்திருப்பார். செயலியில் அந்த எண்கள் இருக்காது. படங்களை இடமும் வலமும் நகர்த்தித் தேட வேண்டும். என் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் எழுபது வயதுப் பாட்டி, பேரன் பள்ளியிலிருந்து வந்தால்தான் டிவி போட முடியும் என்று மாலைவரை காத்திருந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். உள்ளூர்ச் சேனல் இந்த வகையில் வருவது அரிது. வெண்ணெய்த்தாழி வேண்டுமென்றால், இணைப்பு கொடுப்பதற்கு முன்பே அந்தச் சேனலை உங்கள் டிவியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கட்டண ஒழுங்கு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது, வேண்டிய கட்டணச் சேனலை மட்டும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை பார்வையாளருக்குக் கிடைத்தது. அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு என்று அப்போது எல்லார் வாயிலும் இருந்ததே, அதுதான். அந்த ஒழுங்கு கேபிளுக்கும் டிடிஎச்சுக்கும் ஐபிடிவிக்கும் பொருந்தும், செயலிக்குப் பொருந்தாது. செயலியில் நிறுவனம் சேர்த்துக் கொடுப்பதுதான் கிடைக்கும். நாளைக்கு ஒன்றை எடுத்துவிட்டாலும் கேட்பதற்கு வழி குறைவு.

அப்பா சொன்ன வைக்கோல் லாரி விஷயத்துக்கு வருகிறேன். பழைய கேபிள் அறுந்தால் நாங்களே கத்தியால் சீவி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டு வந்துவிடுவோம். இழை அப்படியல்ல, மேலுறைகளை உரித்தால் உள்ளே கண்ணாடி 125 மைக்ரான் பருமன்தான், கிட்டத்தட்ட ஒரு தலைமுடி. அதை ஒட்டுவதற்கு ஸ்ப்ளைசிங் மெஷின் வேண்டும், அந்த மெஷினை வைத்திருப்பவர் வர வேண்டும். ஆகவே நோட்டீஸ் கொடுத்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, மெஷின் மன்னார்குடியிலேயே இருக்கிறதா, தஞ்சாவூரிலிருந்து வர வேண்டுமா என்பதுதான். இந்த ஒரு பதிலில் உங்கள் வீட்டுக்கு மூன்று மணி நேர இருட்டா மூன்று நாள் இருட்டா என்பது தெரிந்துவிடும்.


பழைய எக்ஸ்சேஞ்ச் எழுதியது:

குடமுருட்டியார் டிவியைப் பற்றிச் சொன்னதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. தொலைபேசி இணைப்பகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், தொலைபேசியையும் மின்சாரத்தையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் அப்பா வீட்டுச் செப்புத் தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். இணைப்பகத்தில் உள்ள பேட்டரி வரிசையிலிருந்து 48 வோல்ட் அந்தக் கம்பி வழியாகவே வீட்டுக்கு வருகிறது; பேசுவதற்கும் மணி அடிப்பதற்கும் அங்கிருந்தே சக்தி கிடைக்கிறது. கண்ணாடியில் மின்சாரம் பாயாது. இழைக்கு மாறினால், வீட்டு ஓஎன்டிக்கு 12 வோல்ட் மின்சாரத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், மின்சாரம் நின்ற அந்த நொடியே தொலைபேசியும் நின்றுவிடும். விற்க வருகிறவர்கள் இதைத் தாமாகச் சொல்வதில்லை.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து, திருவாரூர், நாகப்பட்டினம், தஞ்சாவூர் மாவட்டங்களில் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்ட பிறகு, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த நாட்களில் எங்கள் வேலை முழுக்க டீசல் தேடுவதும் பேட்டரியைக் காப்பாற்றுவதுமாகத்தான் இருந்தது. நிலத்தடிக் கேபிளில் இருந்த சில வீடுகளில் தொலைபேசி பேசியது. கம்பத்தில் தொங்கிய கம்பிகள் தென்னை மரத்தோடு போயின. ஆகவே செப்பு அழியாதது என்று நான் சொல்லவில்லை. ஐப்பசி மழை பிடித்தால் இணைப்புப் பெட்டிக்குள் நீர் இறங்கி, காதில் எண்ணெய் பொரிவது போன்ற சத்தம் வரும். இடி விழுந்தால் கருவியே கருகிப்போகும். இழைக்கு ஈரத்தால் அந்தச் சத்தம் வராது, அதன் கண்ணாடி வழியாக இடியும் இறங்காது. செப்பைப் பாதுகாக்க ஆளும் பொருளும் குறைந்துவிட்ட இந்தக் காலத்தில், மாறுவதுதான் சரி என்றே எனக்குப் படுகிறது. மின்சாரத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டு மாறுங்கள் என்பதே நான் சொல்ல வருவது.

ஏற்பாடு கடினமானதும் அல்ல. ஓஎன்டி எடுப்பது ஏறத்தாழ 12 வாட். வீட்டில் இன்வெர்ட்டரோடு 150 ஆம்பியர்-மணி பேட்டரி இருந்தால், அதில் ஏட்டளவில் 1,800 வாட்-மணி இருக்கிறது. இழப்புகளைக் கழித்துவிட்டு, மின்விசிறியையும் விளக்கையும் அணைத்து, ஓஎன்டியை மட்டும் ஓடவிட்டால் இரண்டு நாளாவது தாங்கும். இன்வெர்ட்டர் இல்லையென்றால், உள்ளங்கை அகலத்தில் மினி யூபிஎஸ் என்று விற்கிறார்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்குப் போதும், சாதாரண மின்தடைக்கு அதுவே மிகுதி.

ஆனால் உங்கள் வீட்டில் பேட்டரி இருந்து, மறுமுனையில் இல்லாவிட்டால் பயனில்லை. நல்ல வேளையாக நடுவழியில் மின்சாரம் தேவையில்லை. ஓர் இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வெறும் கண்ணாடிதான். குடமுருட்டியார் கோபித்துக்கொள்ளக் கூடாது. பழைய கேபிளில் தெருவுக்குத் தெரு ஆம்ப்ளிஃபையர் வைத்து, யாரோ ஒருவர் வீட்டு மின்சாரத்தில் அதை ஓட்டுவார்கள், அந்தத் தெருவில் மின்சாரம் போனால் அடுத்த தெருவிலும் படம் போகும். இழையில் அந்தத் தொல்லை கிடையாது. மின்சாரம் வேண்டியது இரண்டே இடங்களில்: உங்கள் வீட்டிலும், எல்லா வீட்டு இழைகளும் போய்ச் சேரும் ஓஎல்டி என்ற தலைப்பெட்டி இருக்கும் அலுவலகத்திலும். அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, அதற்கு எத்தனை மணி நேரப் பேட்டரி இருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

இனி எண். கைப்பேசி எண்ணை 2011 முதல் நாடு முழுவதும் நிறுவனம் விட்டு நிறுவனம் மாற்றிக்கொள்கிறோம். தரைவழி எண்ணுக்கு நம் நாட்டில் அந்த வசதி இல்லை. இப்போது தொலைபேசி கொடுக்கும் அதே நிறுவனம் செப்பிலிருந்து இழைக்கு மாற்றினால் பழைய எண்ணே தொடரும். வேறு நிறுவனத்துக்குப் போனால் எண் போய்விடும். நோட்டீஸில் உள்ள நிறுவனம் எது என்று நீங்கள் எழுதவில்லை, எழுதவும் வேண்டாம். உங்கள் நிறுவனம்தானா என்று மட்டும் பாருங்கள். எப்படியானாலும், புதியது ஒரு மாதம் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்த பிறகே பழையதைச் சரண்டர் செய்ய விண்ணப்பம் எழுதுங்கள்.

பேச்சின் தரத்தைப் பற்றி அப்பா கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு தொலைபேசிப் பேச்சுக்கு ஏறத்தாழ 100 கிலோபிட் போதும். ஒழுங்காக அமைக்கப்பட்ட வலையில் அதற்குத் தனிப் பாதையும் முன்னுரிமையும் இருக்கும். வீட்டில் யாராவது படம் பார்த்துக்கொண்டிருந்தாலும் குரல் உடையாது. இதை வாட்ஸ்அப் அழைப்போடு ஒப்பிட வேண்டாம். ஓஎன்டியின் பின்புறத்தில் தொலைபேசிக்கென்று சிறிய சதுர வாய் இருக்கும், அப்பாவின் கருவியையே அதில் மாட்டலாம்.

வீட்டில் ஒரு கைப்பேசியாவது வேறு நிறுவனத்தின் சிம்மோடு இருக்கட்டும். அவசரத்துக்கு 112-ஐயோ 108-ஐயோ அழைக்க, அறுந்துபோன இழையை நம்பி இருக்க முடியாது.


மாயூரத்துக்காரி எழுதியது:

சகோதரருக்கு வணக்கம். பெரியவர்கள் தொழில்நுட்பத்தைச் சொல்லிவிட்டார்கள். பணம் கட்டி அனுபவித்ததை நான் சொல்கிறேன்.

கருவி இலவசம் என்று சொன்னதால் ஓர் ஆண்டுத் தொகையை மொத்தமாகக் கட்டினோம். நான்காம் மாதம் வீடு மாற்ற வேண்டியதாயிற்று. புதிய தெருவில் அவர்களுடைய இழை இல்லை. மீதிப் பணமும் வரவில்லை, "இலவச" ஓஎன்டியைத் திருப்பித் தராவிட்டால் அதற்குத் தனியாகப் பணம் என்றும் சொன்னார்கள். நோட்டீஸில் படத்தோடு அச்சடித்திருந்த செயலிகளில் இரண்டு, ஆறு மாதத்துக்குள் திட்டத்திலிருந்து காணாமல் போயின. உங்கள் பெற்றோர் வீடு மாறப்போவதில்லை என்றாலும், சேவை பிடிக்காமல் போகலாம் அல்லவா? முதல் மூன்று மாதங்களுக்கு மாதாமாதம் கட்டுங்கள். பொருத்தும் கூலி போனால் போகட்டும்.

உங்கள் வீடு பழைய நாட்டு ஓட்டு வீடாக இருந்தால் இதையும் கவனியுங்கள். பொருத்த வருபவர் தெருப்பக்கம் இழை நுழையும் ரேழியிலேயே பெட்டியை மாட்டிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பப் பார்ப்பார். ஒன்றரை அடிச் சுவரைத் தாண்டி வைஃபை கூடத்துக்கு வரும்போது நொண்டும், முற்றத்தைக் கடந்து அடுப்படிக்குப் போகவே போகாது. எங்கள் மாமியார் வீட்டில் பெட்டியைக் கூடத்துத் தூணுக்கு நகர்த்த இரண்டாம் முறை ஆள் வந்து, அதற்கும் கூலி வாங்கினார். முதல் நாளே கூடத்தில் வைக்கச் சொல்லுங்கள், தொலைபேசியும் அங்கேதானே இருக்கும்?


பாமணிக்கரையான் எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. நீங்கள் சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, சனிக்கிழமை ஊருக்குப் போய் நேரில் விசாரித்தேன்.

நோட்டீஸ் கொடுத்தவர் சொன்ன டிவி, குடமுருட்டி ஐயா சொன்ன மூன்றாவது வகைதான். உள்ளூர்ச் சேனலைப் போட்டுக் காட்டச் சொன்னதும், "அதெல்லாம் யூடியூபில் வரும் சார்" என்றார். தொலைபேசிக்குப் புதிய எண்தான் கிடைக்கும். தலைப்பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டதற்குத் தலையைச் சொறிந்துகொண்டு யாருக்கோ போன் செய்தார். பதில் இன்னும் வரவில்லை.

அதன் பிறகு, இப்போது தொலைபேசி கொடுக்கும் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் பகுதியில் ஓர் உள்ளூர் ஆபரேட்டர் வழியாக அவர்களும் இழை கொடுக்கிறார்கள் என்பதே அங்கே போன பிறகுதான் தெரிந்தது. தொலைபேசியும் இணையமும் சேர்த்து 599 ரூபாய், வரியோடு 706 ரூபாய் 82 காசு. பழைய எண் அப்படியே இருக்கும். ஆபரேட்டர் வீடு மன்னார்குடியில். ஸ்ப்ளைசிங் மெஷின் அவரிடமே இருக்கிறது, தலைப்பெட்டிக்கு எட்டு மணி நேரப் பேட்டரி வைத்திருப்பதாகச் சொல்லி, என்னை உள்ளே அழைத்துக் காட்டவும் செய்தார்.

கேபிள் டிவியை 240 ரூபாய்க்கே விட்டுவைப்பது என்று முடிவு செய்துவிட்டோம். கூட்டிப் பார்த்தால் 946 ரூபாய் 82 காசு. மூன்றும் சேர்ந்த திட்டத்தைவிட நான்கே ரூபாய் அதிகம். கைப்பேசி எண்ணை உயிரோடு வைத்திருக்கும் சிறு ரீசார்ஜ் எந்த வழியில் போனாலும் உண்டு என்பதால் அதைச் சேர்க்கவில்லை. மூன்றை ஒன்றாக்கப் புறப்பட்டு இரண்டோடு நின்றது எனக்குக்கூடக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேபிள் தெருவின் கிழக்குப் பக்கக் கம்பத்திலும் புதிய இழை மேற்குப் பக்கத்திலும் வருகின்றன. ஒரே லாரி இரண்டையும் இழுக்காது என்று அப்பா சமாதானம் அடைந்துவிட்டார்.

வியாழக்கிழமை பொருத்த வருகிறார்கள். பழைய எக்ஸ்சேஞ்ச் ஐயாவிடம் இரண்டு கேள்விகள் மீதம் இருக்கின்றன. பொருத்தும் அன்று நான் எதைப் பார்த்துச் சரியென்று சொல்ல வேண்டும்? அப்பாவிடம் 1994-இல் வந்த விரலால் சுழற்றும் கருவி இன்னும் இருக்கிறது; அதை மாட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறார். வேலை செய்யுமா?


பழைய எக்ஸ்சேஞ்ச் எழுதியது:

தம்பி, பொருத்துபவர் கையில், ஒளியின் வலிமையை டிபிஎம் கணக்கில் காட்டும் பவர் மீட்டர் என்ற சிறு கருவி இருக்கும். வீட்டுக்குள் வந்த இழையை அதில் செருகி, அளவை உங்கள் கண்ணால் பாருங்கள். மைனஸ் 27 டிபிஎம் என்பது சாதாரணமாக ஓஎன்டி தாங்கும் எல்லை. மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். மைனஸ் 25, 26 என்று காட்டினால் அன்றைக்கு ஓடும், பிறகு எங்கோ ஒரு மூட்டில் அழுக்கு ஏறினாலோ வளைவு விழுந்தாலோ நின்றுவிடும். மூட்டைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். அளவை எழுதி, தேதியோடு பெட்டியின் மேல் ஒட்டிவையுங்கள். பிறகு எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். அதை அப்பாவுக்குக் காட்டி வைத்தால், கோளாறு வெளியிலா வீட்டுக்குள்ளா என்று அவரே தொலைவிலிருந்து உங்களுக்குச் சொல்லிவிடுவார். வீட்டு வாசலில் இரண்டு மூன்று மீட்டர் இழையை அகலமான வளையமாகச் சுற்றி விடச் சொல்லுங்கள்; லாரி இழுத்தால் மறுபடி ஒட்டுவதற்கு அந்த நீளம் வேண்டும். ஆணியில் இறுக்கமாக மடித்து மாட்ட விடாதீர்கள்.

சுழற்றும் கருவியைப் பொறுத்தவரை, பல ஓஎன்டிகளுக்கு அதன் துடிப்புகள் புரியாது. அழைப்பு வந்தால் மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம், குரலும் நன்றாகக் கேட்கும். இங்கிருந்து எண்ணைச் சுழற்றினால் மட்டும் லைன் போகாமல் இருக்கலாம். அதே வாயிலிருந்து பிரித்து, பொத்தான் வைத்த கருவி ஒன்றைப் பக்கத்தில் மாட்டிவிடுங்கள். அழைக்க அது, வரும் அழைப்பை எடுக்க அவருடைய கருவி. மணி இரண்டிலும் அடிக்கும்.